இயற்கணிதப் பின்னங்களின் கூட்டல்

தொகுதியிலும் பகுதியிலும் பல்லுறுப்புக் கோவைகளைக் கொண்ட பின்னம் இயற்கணிதப் பின்னம் எனப்படும். இது தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விகிதமுறு கோவை என்றும், இலங்கைப் பாடநூல்களில் அட்சரகணிதப் பின்னம் என்றும் வழங்கப்படுகிறது. பகுதிகள் வெவ்வேறாக உள்ள இத்தகைய பின்னங்களைக் கூட்டும் முறை எண் பின்னங்களைக் கூட்டும் முறையே ஆகும்.

பகுதிகளைச் சமமாக்குவதன் காரணம்

பகுதி என்பது ஒரு முழுமை எத்தனை சம கூறுகளாகப் பிரிக்கப்பட்டது என்பதைக் காட்டும். தொகுதி அவற்றுள் எத்தனை எடுக்கப்பட்டன என்பதைக் காட்டும். கூறுகளின் அளவு வேறுபட்டால் அவற்றை அப்படியே சேர்த்து எண்ண இயலாது. 1/2 + 1/3 என்பதில் தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டினால் 2/5 வரும். இது 1/2-ஐ விடச் சிறியது. அரையுடன் ஒரு மிகை எண்ணைக் கூட்டினால் விடை அரையைவிடக் குறையாது. எனவே அம்முறை தவறு. சரியான விடை 3/6 + 2/6 = 5/6.

செய்முறை

1. ஒவ்வொரு பகுதியையும் காரணிப்படுத்துக.
2. பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கைக் (மீ.பொ.ம.) காண்க.
3. ஒவ்வொரு பின்னத்திலும் விடுபட்ட காரணியால் தொகுதி, பகுதி இரண்டையும் பெருக்குக.
4. தொகுதிகளைக் கூட்டிச் சுருக்குக.

எடுத்துக்காட்டு 1

2/க + 3/(க + 1)

இங்கு பொதுக்காரணி இல்லை, மீ.பொ.ம. = க(க + 1).

= [2(க + 1) + 3க] / க(க + 1)
= (5க + 2) / க(க + 1)

எடுத்துக்காட்டு 2

1/(க + 2) + 4/(க² − 4)

க² − 4 = (க + 2)(க − 2) ஆதலால் அதுவே மீ.பொ.ம. ஆகும். இரு பகுதிகளையும் அப்படியே பெருக்கினாலும் விடை கிடைக்கும். ஆனால் பகுதி மூன்றாம் படிக்கு உயர்ந்து, சுருக்கும் வேலை கூடும்.

= [(க − 2) + 4] / (க + 2)(க − 2)
= (க + 2) / (க + 2)(க − 2)
= 1/(க − 2)

விலக்க வேண்டிய மதிப்புகள்

மேற்கண்ட விடையைப் பார்த்தால் க = 2 மட்டுமே கூடாது எனத் தோன்றும். ஆனால் க = −2 எனில் கொடுக்கப்பட்ட பின்னங்களின் பகுதிகள் பூச்சியமாகும். காரணி நீக்கப்பட்டாலும் அத்தடை நீங்காது. ஆகவே க ≠ 2, க ≠ −2 என இரண்டையும் குறிப்பிட வேண்டும்.

சரிபார்த்தல்

விலக்கப்படாத ஓர் எண்ணைப் பிரதியிட்டு விடையைச் சோதிக்கலாம். எடுத்துக்காட்டு 2-இல் க = 3 எனில், 1/5 + 4/5 = 1; விடையும் 1/(3 − 2) = 1. இரண்டும் பொருந்தாவிடில் எங்கோ பிழை உள்ளது என அறியலாம்.