பாலின அடையாளத் தேடலும் உளநல ஆதரவும்: சாதியை அறியாத ஆலோசனை போதாது

பிறந்தபோது தனக்கு எழுதப்பட்ட பாலினம் தனக்குப் பொருந்துகிறதா என ஒரு பிள்ளை கேட்கத் தொடங்கினால், குடும்பத்தினர் பலர் கோயிலையோ மந்திரவாதியையோ மருத்துவரையோ நாடுகின்றனர். எவரிடம் சென்றாலும் கோரிக்கை ஒன்றே: “பிள்ளையைச் சரிசெய்து கொடுங்கள்.” இக்கோரிக்கையை மருத்துவமும் சட்டமும் இன்று ஏற்பதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் பாலினப் பொருந்தாமை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு முன்பே, சுஷ்மா வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தின் பெயரால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தது. அவ்வழக்கைப் புரிந்துகொள்ள நீதிபதியே உளவியலாளர் ஒருவருடன் அமர்ந்து உரையாடினார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய முயற்சியைத் தொழில்முறை ஒழுங்கீனமாக அறிவித்தது.

நோய் இல்லையெனில் ஆலோசகர் எதற்கு எனச் சிலர் வினவலாம். ஏளனம், அடி, தனிமை, கட்டாயத் திருமணம் பற்றிய அச்சம் ஆகியவை எவரையும் நொறுக்கும். தூக்கம் கெடும், படிப்பு நிற்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழும். ஆதரவு தேவைப்படுவது இதற்கே. நல்ல ஆலோசகர், வந்தவர் விரும்பும் பெயரால் அவரை அழைப்பார். எந்த முடிவை நோக்கியும் அவரை அவசரப்படுத்தமாட்டார். விடை தெரிய ஆண்டுகள் ஆனாலும் காத்திருப்பார். அவர் கூறியதை அவரது இசைவின்றிக் குடும்பத்திற்குத் தெரிவிக்கமாட்டார். உயிருக்கு ஆபத்து நேரும் நிலையில் மட்டுமே இதற்கு விலக்கு உண்டு.

தலித் இளையோருக்கு இவை மட்டும் போதா என்றே நாம் கருதுகிறோம். “வீட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிடு, ஏற்கவில்லையெனில் வெளியேறு” என்பது சாதியின் சுமையற்றவருக்குப் பொருந்தக்கூடிய அறிவுரை. சாதி வன்முறைக்கு எதிரே தலித் பிள்ளைக்கு அரணாக நிற்பது பெரும்பாலும் அதே குடும்பமும் சேரியும்தாம். சாதிச் சான்றிதழும் கல்வி உதவித்தொகையும் பெற்றோரின் ஆவணங்களோடு பிணைந்துள்ளன. வெளியேறினால், வாடகை வீடு தேடும் இடத்தில் பாலினத்தோடு சாதியும் விசாரிக்கப்படும். திருநர் சமூகமும் சாதியிலிருந்து விடுபட்டதன்று. தலித் திருநங்கையான செயற்பாட்டாளர் கிரேஸ் பானு, திருநருக்குக் கிடைமட்ட இடஒதுக்கீட்டை வலியுறுத்துவதற்கும் இதுவே அடிப்படை: ஒருவரது சாதியும் பாலினமும் சேர்த்தே பார்க்கப்பட வேண்டும். ஆலோசனை அறைக்கும் இது பொருந்தும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆம் பிரிவு, பாலினம், பாலீர்ப்பு, சாதி, வர்க்கம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டாத சிகிச்சையை உரிமையாக்குகிறது. சமூகத்தின் ஒழுக்க நெறிகளுக்கு ஒருவர் இணங்கவில்லை என்பதற்காக அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது 3ஆம் பிரிவு. மகனையோ மகளையோ வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் குடும்பங்களும், சேர்த்துக்கொள்ளும் மருத்துவர்களும் இதனை அறிந்திருக்க வேண்டும்.

உடனடி உதவி தேவைப்படுவோர் டெலி மானஸ் எண்ணான 14416ஐக் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஆயினும் உரிமை தொலைபேசி எண்ணோடு முடிந்துவிடாது. ஆதிதிராவிடர் நல விடுதிகளிலும் அரசுப் பள்ளிகளிலும், சாதியையும் பாலினத்தையும் ஒருசேரப் பயின்ற ஆலோசகர்களை அரசு அமர்த்த வேண்டும். தலித், திருநர் சமூகங்களிலிருந்தே அவர்களுள் பலர் வர வேண்டும் என வலியுறுத்துகிறோம்.