கிராமத்துச் சிறுகடையும் ஞாயிற்று மின்னும்: ஓர் அறிமுக நோக்கு

கிராமத்துச் சிறுகடை வெறும் விற்பனை நிலையமன்று. வயலிலிருந்தும் கடலிலிருந்தும் மீள்வோர் அரிசியும் தேயிலையும் வாங்கும் இடமாகவும், செய்தி கேட்கும் இடமாகவும், ஊரின் வறுமையைக் கடன் கொப்பியில் எழுதிவைத்திருக்கும் இடமாகவும் அது விளங்குகின்றது. அதன் வியாபாரத்தின் பெரும்பகுதி பொழுதுபட்ட பின்னரே நிகழ்கின்றது. ஆகவே விளக்கு அக்கடைக்கு அலங்காரமன்று. அது ஒரு தொழிற்கருவியாகும்.

இக்கருவி பிறர் கையிலிருப்பதன் விளைவை நாம் அனுபவத்தில் அறிவோம். 1990இல் யாழ்ப்பாணம் தேசிய மின் வழங்கலை இழந்தபோது மாணவர் ஜாம் போத்தல் விளக்கில் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மின்வழி எட்டாத கடற்கரை வாடிகளிலும் காட்டோரக் குடியிருப்புகளிலும் உள்ள கடைகளுக்கு இது எத்தகைய அடி என்பதை விளக்க வேண்டியதில்லை. இந்நிலையில் ஞாயிற்று மின் அமைப்பொன்றைக் கடைக்காரர் தாமே கணித்து நிறுவக்கூடிய முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தத்துவம்

சிலிக்கன் ஒரு குறைகடத்தி. அதில் ஒளி படும்போது விடுபடும் இலத்திரன்கள், இருவகைச் சிலிக்கன் சந்திக்கும் எல்லையிலுள்ள மின்புலத்தால் ஒரே திசையில் தள்ளப்படுகின்றன; அதுவே மின்னோட்டம். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்ட சிலிக்கன் கலம், விழும் ஒளிச்சத்தியில் ஏறத்தாழ 6 வீதத்தையே மின்னாக மாற்றியது. இன்று சந்தையில் கிடைக்கும் பலகைகள் 20 வீதத்தை எட்டியும் கடந்தும் நிற்கின்றன.

அமைப்பின் உறுப்புகள் நான்கே: ஒளியை மின்னாக்கும் பலகை, மின்னைச் சேமிக்கும் பற்றரி, பற்றரி அளவுக்கு மிஞ்சி ஏறாமலும் வற்றாமலும் காக்கும் மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி, விளக்கு முதலிய பாவனைப் பொருள்கள்.

கணக்கு

முதலிற் செய்யவேண்டியது பலகை வாங்குவதன்று, தேவையை எழுதுவதாகும். ஒரு மாதிரிக் கடையை எடுத்துக்கொள்வோம். 7 வாற்று எல்.ஈ.டி. விளக்குகள் மூன்று, 5 மணித்தியாலம் எரிய 105 வாற்று மணித்தியாலம் வேண்டும். 5 வாற்று வானொலி 8 மணித்தியாலம் இயங்க 40. கைத்தொலைபேசி ஒன்றுக்கு 18 வீதம் ஐந்துக்கு 90. நேரோட்டத்தில் இயங்கும் 15 வாற்றுச் சிறு மின்விசிறி 5 மணித்தியாலம் சுழல 75. மொத்தம் 310 வாற்று மணித்தியாலம்.

வெப்பம், தூசி, கம்பி, பற்றரி ஆகியவற்றால் ஏறத்தாழ முப்பது வீதம் இழக்கப்படும். எனவே 310ஐ 0.7ஆல் வகுத்தால் 443 வரும். நமது வரண்ட வலயத்தில் ஆண்டின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு 5 மணித்தியால முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைப்பினும், வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தை மனதிற்கொண்டு 4 என்றே கொள்வோம். 443ஐ 4ஆல் வகுக்க 111 வாற்று வரும். 120 வாற்றுப் பலகை போதுமாயினும், அடைமழை நாள்களில் வற்றிய பற்றரி மீண்டும் நிறைய 150 வாற்றுப் பலகையே உகந்தது.

வெயிலற்ற இரு நாள்களுக்கு 620 வாற்று மணித்தியாலம் சேமிப்பில் இருத்தல் வேண்டும். ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்குக் கீழ் வற்றவிட்டால் அதன் ஆயுள் விரைவிற் குறையும். ஆகவே 1240 வாற்று மணித்தியாலம், அதாவது 12 வோல்ற்றில் ஏறத்தாழ 100 அம்பியர் மணித்தியாலம் கொண்ட பற்றரி தேவை. வாகனப் பற்றரி மலிவானது. ஆயினும் அதன் மெல்லிய தகடுகள் கணநேரப் பேரோட்டத்துக்கென அமைந்தவை. நாள்தோறும் ஆழ வற்றுவதை அவை நெடுங்காலம் தாங்கா. கட்டுப்பாட்டுக் கருவி 15 அம்பியர் கொண்டதாயிருத்தல் நன்று.

நிறுவுதல்

நமது அகலக்கோட்டில் பலகை தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 பாகை சாய்ந்திருக்க வேண்டும். மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லவும் இச்சாய்வு உதவும். கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு பனையோலையின் நிழல் ஒரு மூலையில் விழுந்தாலே வலு பெரிதும் குன்றும். பலகை சூடேறினாலும் வலு குறையும் என்பதால், கூரைக்கும் பலகைக்குமிடையே ஒரு சாண் காற்றிடைவெளி வேண்டும். புயலைத் தாங்கும் வண்ணம் அது மரச்சட்டத்தில் இறுகப் பூட்டப்படல் அவசியம்.

12 வோல்ற்று அமைப்பில் மெல்லிய கம்பி பெரும் நட்டத்தைத் தரும். பலகைக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இடைத்தூரம் 5 மீற்றராகவும் ஓட்டம் 8 அம்பியராகவும் இருப்பின், 1 சதுர மில்லிமீற்றர் செம்புக்கம்பியில் 1.4 வோல்ற்று வீணாகும். 4 சதுர மில்லிமீற்றர் கம்பியில் 0.35 வோல்ற்றுக்கு மேற்படாது. பற்றரியின் நேர்முனைக்கு அண்மையில் உருகி ஒன்றைப் பொருத்தத் தவறலாகாது.

இணைக்கும்போது கட்டுப்பாட்டுக் கருவியில் முதலிற் பற்றரியையும், அடுத்துப் பலகையையும், இறுதியில் விளக்குகளையும் பூட்டுதல் வேண்டும். கழற்றும்போது இவ்வொழுங்கு தலைகீழாகும். ஈய அமிலப் பற்றரி ஏறும்போது ஐதரசன் வெளிப்படுமாதலால், காற்றோட்டமான இடத்தில், மண்ணெண்ணெய்ப் பீப்பாவுக்கும் அடுப்புக்கும் தொலைவாக அதை வைத்தல் வேண்டும். நீர் ஊற்றும் வகையாயின் மாதந்தோறும் மட்டத்தைப் பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டுமே சேர்க்கலாம். கிணற்று நீர் ஆகாது.

படிப்பினை

உலக வங்கியின் துணையுடன் 1997இலும் 2002இலும் தொடங்கிய இரு திட்டங்களின் கீழ் இலங்கைக் கிராமங்களில் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட ஞாயிற்று வீட்டமைப்புகள் கடன் அடிப்படையில் நிறுவப்பட்டன. மண்ணெண்ணெய்ப் புகையிலிருந்து அக்குடும்பங்கள் விடுபட்டமை மறுக்கவொண்ணா நன்மையே. ஆயினும் பின்னர் மின்வழி வந்து சேர்ந்த ஊர்களில் பல அமைப்புகள் கைவிடப்பட்டன. பற்றரி செத்த பின்னும் கடன் உயிரோடிருந்தது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, பற்றரியின் ஆயுளுக்கு மேல் நீளும் கடனைக் கடைக்காரர் ஏற்றலாகாது. தொலைபேசிக்கு மின்னேற்றுவதால் வரும் சில்லறையைத் தனி உண்டியலில் இட்டு, அடுத்த பற்றரிக்கெனச் சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, ஆசையைக் கணக்கு ஆளவேண்டும். குளிர்பானம் விற்கச் சிறு குளிர்சாதனப்பெட்டி ஒன்றை வைத்தால், அதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 வாற்று மணித்தியாலம் கூடுதலாக வேண்டும். அமைப்பு நான்கு மடங்காகும். இக்கணக்கைச் சொல்லாது பெட்டியை விற்பவரே கடைக்காரரைக் கடனாளியாக்குகிறார்.

ஞாயிறு எவருடைய உடைமையுமன்று. ஆனால் அதன் ஒளியை மின்னாக்கும் அறிவு விற்பனையாளரிடம் மட்டும் தங்குமாயின், மண்ணெண்ணெய்க்குக் கைகட்டி நின்ற கடைக்காரர் இனிப் பலகைக்குக் கைகட்டி நிற்பார். மேற்காட்டிய கணக்கில் கூட்டல், பெருக்கல், வகுத்தல் அன்றி வேறெதுவுமில்லை. கடன் கொப்பி எழுதும் கைக்கு அது கடினமன்று. அக்கொப்பியின் ஒரு பக்கத்தில் இக்கணக்கும் எழுதப்படுமாறு செய்வது, பல்கலைக்கழகத்திற் கற்ற நமது கடமையாகும்.