களவு என்ற நமது சொல்

"வாப்பா, களவு எண்டு சொல்லாதீங்க, திருட்டு எண்டு சொல்லுங்க."

மாடு களவு போன கதையொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மகன் என்னைத் திருத்தினான். தோப்பூரில் நாங்கள் மாடு 'களவு போயிட்டு' என்றும், எடுத்தவனைக் 'கள்ளன்' என்றும் சொல்லியே பழகியவர்கள். தொலைக்காட்சித் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது நாட்டுப்புறப் பேச்சாகப் படுகிறது.

ஆங்கிலத்தில் 'பேர்லோயின்' என்றொரு பழைய சொல் உண்டு. களவெடுத்தல் என்பதே அதன் பொருள். பேச்சில் அது அருகிவிட்டது. இலக்கிய வாசகர் பலர் அதை அறிவது எட்கார் அலன் போ 1844இல் வெளியிட்ட துப்பறியும் கதையின் தலைப்பினால்தான். அதில் அமைச்சர் ஒருவர் ஒரு கடிதத்தைக் களவெடுக்கிறார். பொலிசார் ஒளிவிடமெல்லாம் துருவுகிறார்கள். கடிதமோ எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் செருகிக் கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பழைய பிரெஞ்சு வழிவந்த அச்சொல்லின் மூலப்பொருள் 'தூரத்தில் வைத்தல்'.

நமது சொல்லின் உயிர் தூரத்தில் இல்லை, மறைவில் இருக்கிறது. தூங்குவதுபோல் கிடப்பவனை 'கள்ள நித்திரை கொள்றான்' என்கிறோம். அவன் எதையும் எடுக்கவில்லை, விழிப்பை மறைக்கிறான். தொல்காப்பியத்தின் களவியல் பேசுவதும் பொருளைத் திருடுவதை அல்ல, ஊரறியாத காதலை. திருக்குறளிலோ பிறர் பொருளை வஞ்சித்துக் கொள்ளாதிருப்பது 'கள்ளாமை' என்று தனி அதிகாரமாகிறது.

அறபு மொழியின் 'ஸரிக்கா'வும் இதற்கு நெருக்கமானது. பாதுகாப்பான இடத்திலிருந்து பிறர் பொருளை மறைவாக எடுப்பதையே ஃபிக்ஹு அறிஞர்கள் அப்படி அழைத்தார்கள். பகிரங்கமாகப் பறித்தோடுவதை வேறாக வைத்தார்கள். ஒட்டுக்கேட்ட ஷைத்தானைப் பற்றிச் சொல்லும் குர்ஆன் வசனமும் (15:18) இதே வேர்ச்சொல்லைக் கையாள்கிறது. பிறர் கவிதையை எடுத்தாள்வதையும் அறபு விமர்சகர்கள் ஸரிக்கா என்ற தலைப்பிலேயே ஆராய்ந்தார்கள்.

ஆங்கிலேயரின் பழஞ்சொல் புத்தகத்துக்குள் ஒதுங்கிவிட்டது. தொல்காப்பியம் அறிந்த நம் சொல்லோ தோப்பூர்ச் சந்தியில் இன்றும் புழங்குகிறது. கண்முன்னே கிடப்பதால்தான் அதன் பெறுமதி நமக்குத் தெரிவதில்லை.

மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். திருட்டு பிழையான சொல் அல்ல, அதையும் சொல்லலாம். ஆனால் களவைச் சொல்ல வெட்கப்படாதே மகன் என்றேன். வெட்கத்தினால் ஒரு சொல்லைப் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துத் தூரத்தில் வைப்பதும் களவுதான்.