போர்டு எழுதும் முன் பெயரைத் தேடுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு வீட்டிலிருந்தே ஒரு தொழில் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் பலர். பெயர் முடிவானதும் போர்டு எழுதக் கொடுத்துவிடுவார்கள். அதே பெயரை வேறொருவர் ஏற்கனவே பதிவு செய்திருந்தால்? போர்டு, பில் புக், கவர் எல்லாம் வீண். பெயர் சொல்லித் தேடி வரும் வாடிக்கையாளரையும் இழக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரம் இன்டர்நெட்டில் தேடினால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். சொந்த ஊர் திருச்சி. ஸ்ரீரங்கத்தில் முறுக்கும் ஊறுகாயும் செய்து விற்கும் என் சித்தி மூன்று பெயர்களை எழுதிக் கொடுத்தார்: ஸ்ரீரங்கம் ஸ்நாக்ஸ், ரங்கா ஃபுட்ஸ், மணப்பாறை முறுக்கு இல்லம். இவற்றையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

ஊர்ப் பெயர், சாமி பெயர்

1999ம் ஆண்டு டிரேட் மார்க் சட்டப்படி, பொருள் எந்த ஊருடையது என்பதை மட்டும் சொல்லும் பெயரைப் பொதுவாகப் பதிவு செய்ய முடியாது. எனவே பக்கத்துத் தெருவில் இன்னொருவர் 'ஸ்ரீரங்கம்' என்று போர்டு வைத்தால் தடுப்பது கடினம்.

'ராமாயணம்' என்ற பெயரை ஊதுபத்திக்கு ஒருவர் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை யாரும் தனக்கு மட்டும் சொந்தமாக்க முடியாது என்று 2015ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சாமி பெயர்களிலும் தனி உரிமை பெறுவது எளிதல்ல. ஸ்ரீரங்கத்தில் 'ரங்கா' இல்லாத தெரு ஏது?

மூன்றாவது பெயரில்தான் உண்மையான ஆபத்து. மணப்பாறை முறுக்குக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயர் அந்த வட்டாரத்து முறுக்குக்கே உரியது. ஸ்ரீரங்கத்தில் சுட்டு அந்தப் பெயரில் விற்றால் சிக்கல் வரும்.

டைப் செய்து பாருங்கள்

திருச்சிக்கு ஆங்கிலத்தில் டிரிச்சி, திருச்சி, திருச்சிராப்பள்ளி, பழைய டிரிச்சினாப்பள்ளி என்று பல எழுத்துகள். 'ஸ்ரீ', 'ழ' வரும் பெயர்களிலும் இதே குழப்பம்தான். நான்கு பேருக்குப் போன் செய்து பெயரைச் சொல்லி, ஆங்கிலத்தில் டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். நான்கும் ஒரே மாதிரி வந்தால் நல்ல பெயர்.

1996ல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், 2009ல் தன் பெயரை 'ஸோஹோ' என்று மாற்றிக்கொண்டது. நான்கே ஆங்கில எழுத்து. ஊரையோ பொருளையோ குறிக்காத சொல். இப்படிப் புதிதாக உருவாக்கிய சொல்லைப் பதிவு செய்வதும் காப்பதும் சுலபம். சித்தியும் இப்போது தன் பேத்தி மழலையில் சொல்லும் ஒரு சொல்லை யோசித்து வருகிறார்.

எங்கெங்கே தேட வேண்டும்?

1. கூகுள்: பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. டிரேட் மார்க்: இன்டலெக்சுவல் ப்ராபர்ட்டி இந்தியா தளத்தில் இலவசமாகத் தேடலாம். 'வேர்ட்மார்க்' தேடலோடு நிறுத்தாமல் 'ஃபொனெடிக்' தேடலும் செய்யுங்கள். ஒலியில் ஒத்த பெயர்களும் வரும். பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: முறுக்குக்கு 30, ஊறுகாய்க்கு 29, ஓட்டலுக்கு 43. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

3. கம்பெனிப் பதிவு: பிரைவேட் லிமிடெட் ஆக்கும் எண்ணம் இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்திலும் பாருங்கள்.

4. வெப்சைட் முகவரி: டொமைன் விற்கும் ஏதாவது ஒரு தளத்தில் 'டாட் காம்', 'டாட் இன்' இரண்டையும் தேடுங்கள்.

ஒன்று மற்றொன்று ஆகாது

பலரும் குழம்புவது இங்கேதான். இவை தனித்தனிப் பதிவேடுகள். டொமைன் கிடைத்ததால் டிரேட் மார்க் உங்களுடையது ஆகாது. கம்பெனிப் பெயர் கிடைத்தாலும் அப்படியே. உத்யம், ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ்களில் கடையின் பெயர் அச்சாகி வரும். அவை தொழில் நடத்தத்தானே தவிர, பெயருக்கு உரிமை தருபவை அல்ல.

பெயர் எல்லா இடத்திலும் காலியாக இருந்தால் அன்றே டொமைனைப் பதிவு செய்யுங்கள். அதை உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் செய்யுங்கள். வெப்சைட் செய்து தருபவர் தன் கணக்கில் வாங்கினால், பிறகு அவரிடம் கெஞ்ச வேண்டிவரும். புதுப்பிக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். டிரேட் மார்க் விண்ணப்பம் போட்ட பிறகு பெயின்டரைக் கூப்பிடலாம்.