கால் ஊன்றாமல் கற்பாறை மேல்



சென்ற மாதம் ஒருநாள், அஸர் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஒரு தாயும் மகளும் என் மனைவியுடன் பேசிக்கொண்டிருந்தார்கள. மகள் சிறு வயதில் என்னிடம் ஓதிய பிள்ளை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள்.

"மௌலவி, நீங்களே இவளுக்குப் புத்தி சொல்லுங்க. ஸ்கூட்டி ஓடப் பழகுறதெண்டா நானும் பேசாம இருப்பன். இவள் மோட்டார் சைக்கிளைக் கல்லு மேல ஏத்தப் போறாளாம்! விழுந்து கை கால முறிச்சிக்கிட்டா நாளைக்கு யார் பெண் கேட்டு வருவாங்க?" என்றார் தாய்.

மகள் தலை குனிந்தபடியே போனை நீட்டினாள். அதில் ஒரு பெண், ஆளுயரப் பாறையொன்றில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டிருந்தார். ஆசனத்தில் உட்காரவேயில்லை, உட்கார அதில் ஆசனமே இல்லை. நின்றபடி, மூச்சை அடக்கினாற்போல, நத்தை வேகத்தில் நகர்ந்தார். உண்மையைச் சொன்னால், நானும் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு 'ட்ரையல்' என்று பெயர். பந்தயம் என்றதும் பறக்கிற வேகந்தான் நம் நினைவுக்கு வரும். யாழ்ப்பாண வீதிகளில் அப்படிப் பறந்த இளைஞர்களின் ஜனாஸாக்களுக்கு நாம் போயிருக்கிறோம். ஆனால் இந்தப் போட்டியில் முந்தி வந்தவருக்குப் பரிசு கிடையாது. பாறை, ஓடை, மரக்குற்றி, சேறு என்று சிறு சிறு பகுதிகளாகப் பாதையைப் பிரித்து எல்லை கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு நடுவர் நிற்பார். கடக்கும்போது ஒரு தடவை நிலத்தில் கால் ஊன்றினால் 1 புள்ளி. இரண்டு தடவைக்கு 2. அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. விழுந்தால், எல்லையைத் தாண்டினால் 5. இவையெல்லாம் தண்டனைப் புள்ளிகள். குறைந்த புள்ளி வாங்கியவரே வென்றவர். ஏறுவதற்கு முன் பாதையை நடந்து பார்த்து, எந்தக் கல்லில் எந்தச் சில்லு படவேண்டும் என்று மனதில் குறித்துக்கொள்வார்கள். வண்டியின் எடையும் ஏறத்தாழ 70 கிலோதான்.

போனில் இருந்த பெண்ணின் பெயர் லாயா சான்ஸ். ஸ்பெயின் நாட்டில், பார்சிலோனாவுக்கு அருகே கொர்பேரா என்ற ஊரில் 1985 டிசம்பரில் பிறந்தவர். தகப்பனாருக்கு மோட்டார் சைக்கிள் மோகம். அண்ணனின் சிறிய வண்டியில் நாலு வயதிலேயே இவர் ஏறிவிட்டார். சகோதரிகளே, அடுத்ததைக் கவனியுங்கள். ஏழு வயதில் இவரை முதற் போட்டிக்குப் பதிந்துவிட்டவர் தகப்பனார் அல்லர், தாயார்! அந்தப் போட்டியில் பிள்ளை கடைசியாக வந்தாள். அதன் பிறகும் தாயார் அவளைத் தடுக்கவில்லை.

1997இல் ஆண் பிள்ளைகளோடு போட்டியிட்டு வென்றாள். 2000ஆம் ஆண்டு, உலக அளவில் பெண்களுக்கென இப்போட்டி முதன்முறையாக நடந்தபோது அவளுக்கு வயது 14. வெற்றி அவளுக்கே. 2006 வரை தொடர்ந்து அவரே உலக வெற்றியாளர். 2007இல் ஜெர்மனியின் ஐரிஸ் க்ரேமரிடம் பட்டத்தை இழந்தார். அடுத்த வருடம் மீட்டு, 2013 வரை கைவிடவில்லை. மொத்தம் 13 பட்டங்கள்.

பின்னர் பாலைவனத்துக்கும் மலைக்கும் போய், டக்கார் என்ற நெடும்பயணப் போட்டியில் 2011 முதல் 2021 வரை ஒவ்வொரு வருடமும், ஆக 11 தடவை, மோட்டார் சைக்கிளில் முடிவிடம் சேர்ந்தார். ஆண்களே வழியில் வண்டியை விட்டுத் திரும்பும் போட்டி அது. 2015இல் ஆண்கள் பெண்கள் எல்லோருக்குள்ளும் 9ஆம் இடம் பெற்றார். பாறை மேல் பழகிய நிதானம் அங்கே கை கொடுத்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

"எல்லாம் வெள்ளைக்காரர் கதை" என்றார் தாய்.

அதனால் பக்கத்து நாட்டுக் கதையையும் சொன்னேன். பெங்களூரைச் சேர்ந்த ஐஸ்வர்யா பிஸ்ஸே ஓட்டுவது ட்ரையல் அல்ல; கரடுமுரடான பாதையில் வேகமாக ஓடும் பந்தயம். 2018இல் ஸ்பெயினில் விழுந்து கணையம் கிழிந்தது. தேறி எழுந்து, 2019இல் 'பாஹா' உலகக் கிண்ணத்தின் பெண்கள் பிரிவில் 65 புள்ளிகளோடு முதலிடம் பெற்றார். இரண்டாமவருக்கு 61. மோட்டார் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவர். விபத்தை மறைத்து வெற்றியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாயின் அச்சம் வீண் அச்சமல்ல.

"மார்க்கத்தில் தடையில்லையா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள். ஒட்டகத்தில் ஏறிய பெண்களில் சிறந்தவர்கள் குறைஷிப் பெண்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்த செய்தி புகாரியில் இருக்கிறது. அங்கே புகழப்படுவது பிள்ளைகளிடம் அவர்கள் காட்டிய பரிவும், கணவரின் பொருளைக் காத்த பொறுப்பும்தான். ஆனால் வாகனம் ஏறியது அவர்களுக்கு ஒரு குறையாகச் சொல்லப்படவில்லை. உடையைப் பற்றி நான் பேசத் தேவையே இருக்கவில்லை. தலைக்கவசமும் முழுக்கைச் சட்டையும் நீண்ட காலணியும் இல்லாமல் இந்த விளையாட்டில் இறங்கவே முடியாது. எங்கே, யாருக்கு முன்னால் பழகுவது என்பதை உம்மாவும் வாப்பாவும் இருந்து பேசித் தீர்மானிக்கட்டும் என்றேன். அனுமதிப்பத்திரம் எடுக்குமுன் வண்டி வீதிக்கு வரக்கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொன்னேன்.

பிறகு ஒரு யோசனை சொன்னேன். ஸ்பெயினில் பெரே பி என்றொரு மோட்டார் சைக்கிள் வீரர் இருந்தார். 1970களில் தன் சிறிய மகன் ஓட் பி இந்தச் சமநிலையைப் பழகட்டும் என்று சாதாரண சைக்கிளைக் கொடுத்தார். அதிலிருந்தே சைக்கிள் ட்ரையல் என்று தனி விளையாட்டொன்று பிறந்தது. மகன் அதில் உலக வெற்றியாளரானார்.

சைக்கிளுக்கு நமக்கென்ன பஞ்சம்? 1990 ஒக்டோபரில் நாம் இம்மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, இங்கிருந்த அயலவர் பெற்றோல் கிடைக்காமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவிட்ட கதைகளைத் திரும்பி வந்து கேட்டோம். அந்த வருடங்களில் குடாநாட்டைச் சுமந்தது சைக்கிள்தான். ஆணும் பெண்ணும் அதில்தான் போனார்கள். நமக்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஆனால் மரக்குற்றியையும் பழைய டயரையும் அடுக்கி, மண்டபத்துக்குள்ளேயே உலகப் போட்டி நடத்துகிறார்கள். பனங்குற்றி இல்லாத வளவு யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது?

தாய் ஒன்றும் சொல்லாமல் எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரு கால் ஊன்றினா எத்தனை புள்ளி எண்டீங்க?" என்று மட்டும் கேட்டார்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அந்த ஒழுங்கையால் வந்தேன். தகர வேலிக்கு அப்பால் சைக்கிள் மரத்தில் மோதும் சத்தம். தொடர்ந்து அந்தத் தாயின் குரல்: "ஒண்டில்ல, ரெண்டு! நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறன். திரும்பிப் போய் முதலில இருந்து வா!"