நான் எப்படித் தம்பி பாவி?

தெருமுனை டீக்கடையில் தினமும் காலையில் ஓர் அண்ணாச்சியைப் பார்ப்பேன். எழுபதைத் தாண்டியவர். நாற்பது வருஷம் பலசரக்குக் கடை நடத்திவிட்டு இப்போது மகன்களிடம் ஒப்படைத்திருக்கிறார். வருஷம் தவறாமல் சுடலைமாடனுக்குக் கொடை கொடுக்கிற குடும்பம். போன மாதம் ஒரு கிறிஸ்தவத் துக்க வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர், டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "யாருக்கும் ஒரு கெடுதல் நெனைச்சதில்ல. எடையில ஒரு கிராம் கொறைச்சதில்ல. உங்க ஐயர் அங்க இருந்த எல்லாரையும் பாவின்னுட்டாரு. நான் எப்படித் தம்பி பாவி?"

கேள்வியில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அவசரமாகப் பதில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் இன்னொரு டீ சொன்னேன்.

நம் பேச்சில் பாவம் என்பது ஒரு கணக்கு. ஒரு பக்கம் புண்ணியம், மறுபக்கம் பாவம்; கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்ப்பார்கள். கிறிஸ்தவர்கள் அதே சொல்லைச் சொல்லும்போது அதற்குப் பின்னால் நிற்பது 'ஹமார்த்தியா' என்ற கிரேக்கச் சொல். குறி தவறுவது என்று பொருள். எபிரேயத்திலும் அப்படியே. பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகள் புத்தகத்தில் பென்யமீன் கோத்திரத்து இடதுகைக்காரர்கள் எழுநூறு பேர் வருகிறார்கள். ஒற்றைத் தலைமுடியைக் குறி வைத்துக் கவண்கல் எறிந்தாலும் தவறவிடாதவர்கள். அங்கே 'தவறுதல்' என்பதற்கு வருகிற வினைச்சொல்தான் மற்ற இடங்களில் பாவம் செய்வதற்கும் வருகிறது. தமிழ் இதை ஏற்கெனவே அறியும். குறி தவறியது என்கிறோம், செய்தது தவறு என்கிறோம். குறி தப்பியது, செய்தது தப்பு. வேர் ஒன்றுதான்.

"அப்போ குறி எது?" என்றார்.

கடவுளை முழு மனதோடு நேசிப்பது, அடுத்தவனைத் தன்னைப் போலவே நேசிப்பது. இந்த இரண்டிலும்தான் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது என்றார் இயேசு. இந்தக் குறிக்கு நான் தவறியவன்; துக்க வீட்டில் பேசிய போதகர் ஐயரும் தவறியவர்தான். 'பாவி' என்பது கெட்டவர்களைப் பிரித்து வைக்கிற பட்டப்பெயர் அல்ல. அதைச் சொல்கிறவர் தன்னை முதலில் சேர்த்துக்கொள்ளாமல் சொன்னால் அது வசவாகத்தான் காதில் விழும். அண்ணாச்சியின் வருத்தம் நியாயமானது.

ஜென்மப் பாவம் என்ற சொல்லிலும் அவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. முற்பிறவியில் செய்தது என்று எடுத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தவத்தில் முற்பிறவி கிடையாது. பிறக்கும்போதே மனம் தன்னை நோக்கி வளைந்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்தக் குற்றமே ஆதாமிடமிருந்து வழிவழியாக வருகிறது என்று மேற்கத்திய சபைகளை நம்ப வைத்தவர் இறையியலாளர் அகுஸ்தீன். கிழக்கத்திய சபைகளோ, நமக்கு வந்தது குற்றம் அல்ல, சாவும் அது கொண்டுவந்த நோயும்தான் என்கின்றன.

அடுத்தது மனந்திரும்புதல். இதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள், கிறிஸ்தவர்களையும் சேர்த்துச் சொல்கிறேன். அழுவது மனந்திரும்புதல் ஆகாது. கிரேக்கத்தில் 'மெத்தானோயா', மனம் மாறுவது. எபிரேயத்தில் 'ஷூவ்', வந்த வழியே திரும்புவது. தமிழ் வேதாகமத்தின் சொல்லில் மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. இத்தனை நிறைவான சொல் லத்தீனுக்கு வாய்க்கவில்லை. லத்தீன் வேதாகமத்தில் இருந்த சொற்றொடரைத் 'தவம் செய்யுங்கள்' என்றே பல நூற்றாண்டுகள் படித்தார்கள். 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட எராஸ்மஸ், மூலச்சொல் மனம் மாறுவதைக் குறிக்கிறது என்று குறிப்பு எழுதினார். மறு ஆண்டு சீர்திருத்தவாதி லூதர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவதே இதைப் பற்றியதுதான்: விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்றார்.

வருத்தத்துக்கும் திரும்புதலுக்கும் உள்ள தூரம் தெரிய வேண்டுமென்றால் இயேசுவின் சீடர்களான யூதாசையும் பேதுருவையும் பாருங்கள். ஒரே இரவில் ஒருவன் அவரைக் காட்டிக்கொடுத்தான், மற்றவர் அவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுத்தார். இருவருமே நொறுங்கிப்போனார்கள். யூதாஸ் முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோய் எறிந்துவிட்டுத் தூக்கில் தொங்கினான். அவனுடைய வருத்தத்துக்கு மத்தேயு போடுகிற சொல் வேறு; பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'மனஸ்தாபம்' என்றது. பேதுருவும் மனம் கசந்து அழுதார், ஆனால் இயேசுவிடமே திரும்பி வந்தார். வருத்தத்தில் யாரும் குறைவில்லை. ஒருவன் போன திசையில் யாரும் இல்லை.

இங்கேதான் லூக்கா 15-ஆம் அதிகாரத்துக் கதையைச் சொன்னேன். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளைய மகன், பஞ்சத்தில் பன்றி மேய்க்கிறான். பன்றியைத் தீட்டு என்று ஒதுக்குகிற யூத வீட்டுப் பிள்ளை அவன். வீட்டுக்குப் போனால் சொல்வதற்கு மூன்று வாக்கியம் தயார் செய்கிறான்: தப்பு செய்துவிட்டேன், உங்கள் மகன் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, கூலியாளாக வைத்துக்கொள்ளுங்கள். அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் பார்த்துவிடுகிறார். ஓடுகிறார். மதிப்புள்ள பெரியவர் தெருவில் ஓடுவது அந்த ஊரில் கௌரவக் குறைச்சல். கட்டிப்பிடித்து முத்தமிட்ட பிறகுதான் மகன் வாயைத் திறக்கிறான். முதல் இரண்டு வாக்கியம் வருகிறது. மூன்றாவது, அந்தக் கூலியாள் வாக்கியம், வரவே இல்லை. அதற்குள் தகப்பன் வேலைக்காரர்களிடம் நல்ல உடுப்பு, மோதிரம், செருப்பு என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. "எம் மவனா இருந்தா நானும் ஓடத்தான் செய்வேன்" என்றார்.

இரட்சிப்பு என்று கிறிஸ்தவர்கள் சொல்வது இதைத்தான். கத்தோலிக்கர்கள் மீட்பு என்பார்கள். அடகு வைத்த சங்கிலியை மீட்கிறோம் அல்லவா, அதே மீட்பு. அடகுக் கடையில் கிடக்கிற நகை தன்னைத் தானே மீட்டுக்கொள்ள முடியாது. உடையவர் வர வேண்டும். கடவுளே இயேசுவாக வந்து சிலுவையில் அந்த விலையைக் கொடுத்தார் என்பது நம்பிக்கை. அது எந்த வகையில் விலையாயிற்று என்பதற்கு விளக்கங்கள் பல. கொடுபடாத கடனை அடைத்தார் என்றார் 11-ஆம் நூற்றாண்டின் முடிவில் எழுதிய அன்செல்ம். சாவுக்குள்ளேயே போய் அதை உடைத்தார் என்றார் நான்காம் நூற்றாண்டு அத்தனாசியு. கிரேக்கத்தில் இரட்சிப்பதற்கும் நோயாளியைச் சுகமாக்குவதற்கும் ஒரே வினைச்சொல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கால் அவதிப்பட்ட பெண் இயேசுவின் ஆடையைத் தொட்டுக் குணமானபோது வருவது அந்தச் சொல்தான்.

"சரி, எத்தனை அழிச்சாட்டியம் பண்ணினாலும் மன்னிப்புக் கேட்டா முடிஞ்சு போச்சா? என்ன நியாயம் இது?"

அப்போஸ்தலர் பவுல் காலத்திலேயே இதைக் கேட்டிருக்கிறார்கள். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதோடு மல்லுக்கட்டுகிறார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர், திரும்பாமலே மன்னிப்பை எடுத்துக்கொள்வதை 'மலிவான கிருபை' என்று 1937-இலேயே கண்டித்தார். என்னைக் கேட்டால் வரிவசூல்காரன் சகேயுதான் சரியான பதில். காட்டத்தி மரத்தில் ஏறி இருந்தவனிடம், உன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு முதலில் சொன்னார். அதற்கு அப்புறம் அவன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தான், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பினான். திருப்பிக் கொடுத்ததால் அன்பு கிடைக்கவில்லை; அன்பு கிடைத்ததால் கை தானாகத் திறந்தது. கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீர் விட்டு, மறுநாள் கூலியைப் பிடித்து வைக்கிறவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும்.

என் ஆச்சி ராப்போஜனம் என்ற திருவிருந்தை எடுக்கிற ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், மனக்கசப்பில் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு வருவாள். போகும்போது முகம் இறுகியிருக்கும். வரும்போது மடியில் அவர்கள் வீட்டு முருங்கைக்காய் இருக்கும். மனந்திரும்புதலை எனக்கு யாரும் இதைவிடத் தெளிவாக விளக்கியதில்லை.

மனந்திரும்புதலுக்குச் சபைக்குச் சபை வழி மாறும். கத்தோலிக்கர்கள் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்று 1215-இல் விதித்தார்கள். சி.எஸ்.ஐ. ஆராதனையில் எல்லாரும் ஒன்றாகப் பாவத்தை அறிக்கையிடுகிறோம். பெந்தெகொஸ்தே சபையார் மனந்திரும்பியவரைத் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். நம் செயலால் அல்ல, கிருபையால்தான் கடவுள் நம்மை ஏற்கிறார் என்று கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999-இல் அவுக்ஸ்பர்க்கில் ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள். அதற்கே நானூறு வருஷத்துக்கு மேல் ஆனது.

அன்றைக்கு ஒரு புதிய ஏற்பாட்டைக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை அண்ணாச்சி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். "மூத்த மவன விட்டுட்டியே தம்பி. அவனும் என்னை மாதிரி எடை கொறைக்காத ஆளுதான் போல. தம்பிக்காரன் வந்துட்டான்னு கோவிச்சுக்கிட்டு வெளியவே நிக்கான். கடைசியில உள்ள போனானா இல்லையா? அதப் போடலியே?"

லூக்கா அதை எழுதவில்லை. தகப்பன் வெளியே வந்து மூத்தவனிடம் பேசிக்கொண்டிருப்பதோடு அந்த அதிகாரம் முடிகிறது.