மனையில் மண் அடிக்கப் போறீங்களா? லாரி வருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"சார், உங்க மனை ரோட்டை விட ரெண்டரை அடி கீழ இருக்கு. மண் அடிச்சாத்தான் வேலையை ஆரம்பிக்க முடியும்."

ஊரப்பாக்கம், முடிச்சூர், படப்பை எனச் சென்னைப் புறநகரில் முதல் மனை வாங்கியவர்கள் பலரும் மேஸ்திரியிடம் கேட்கும் முதல் வசனம் இது. பட்டா, வங்கிக் கடன், பிளான் அப்ரூவல் எல்லாவற்றையும் பத்து முறை சரிபார்த்தவர்கள்கூட, மண் விஷயத்தில் "ஒரு லோடு எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். புதுவீட்டில் தரை டைல்ஸ் இறங்கும்போதோ, காம்பவுண்டு சுவர் சாயும்போதோதான் அந்த மண்ணின் ஞாபகம் வருகிறது. அதற்குள் அதன் மேல் ஒரு வீடே நின்றுகொண்டிருக்கும்.

எவ்வளவு மண் தேவை?

மண் வியாபாரத்தில் கணக்கு 'யூனிட்'டில்தான். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. 30 அடிக்கு 40 அடி மனையை இரண்டரை அடி உயர்த்த வேண்டும் என்றால், 30 × 40 × 2.5 = 3,000 கன அடி, அதாவது 30 யூனிட்.

ஆனால் 30 யூனிட் வாங்கினால் போதாது. லாரியில் வருவது உதிரி மண். தண்ணீர் விட்டு இடித்து இறுக்கியதும் அதன் அளவு குறையும். மண்ணின் ரகத்தைப் பொறுத்து 20 முதல் 30 சதவீதம் வரை கூடுதலாகக் கணக்கிடுவது வழக்கம். 25 சதவீதம் சேர்த்தால் 37.5 யூனிட். 3 யூனிட் லாரி என்றால் 12 அல்லது 13 லோடு.

வீட்டின் பேஸ்மட்டத்துக்குள் நிரப்பும் மண் தனிக் கணக்கு. அஸ்திவாரக் குழியில் தோண்டி எடுக்கும் மண் நல்ல ரகமாக இருந்தால் அதற்கே பயன்படுத்தலாம். மொத்தமாக ஆர்டர் கொடுப்பதற்கு முன் இதை இன்ஜினீயரிடம் கேட்டுவிட்டால் சில லோடுகள் மிச்சம்.

டேப் எடுத்து அளங்க

"மூணு யூனிட் லோடு சார்" என்று டிரைவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. லாரியின் உள்பக்க நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட் கிடைத்துவிடும். உதாரணமாக 14 × 7 × 3 = 294 கன அடி. ஏறக்குறைய 3 யூனிட்.

இதில் மண்ணின் உயரம் வெறும் அரை அடி குறைந்தால், ஒரு லோடுக்கு 49 கன அடி போய்விடும். 13 லோடுக்கு 637 கன அடி. அதாவது காசு கொடுத்தும் வராத மண் ஆறு யூனிட்டுக்கு மேல். நடுவில் குவித்து ஓரத்தில் பள்ளமாக இருக்கும் லோடில் சராசரி உயரத்தைத்தான் எடுக்க வேண்டும். முதல் லோடை மட்டும் அளந்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடாமல், ஒவ்வொரு லோடையும் வீட்டில் யாராவது வண்டி எண்ணுடன் குறித்து வைப்பது நல்லது.

எந்த மண் வாங்கலாம்?

கிராவல், சரளை கலந்த செம்மண் ஆகியவை நன்றாக இறுகும், தண்ணீரையும் தேக்கி வைக்காது. மனை நிரப்ப இவையே முதல் தேர்வு. மணற்பாங்கான சவுடு மண்ணும் உதவும்.

களிமண்ணும் கரிசல் மண்ணும் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும் குணம் கொண்டவை. மேலே போட்ட தரையைத் தூக்கும், பிறகு இறக்கும். வேர், இலை, குப்பை கலந்த மேல்மண்ணும் ஆகாது. அவை மக்கும்போது உள்ளே வெற்றிடம் உருவாகும், கரையானும் வரும். "இடிச்ச கட்டட மண்ணு, பாதி ரேட்டு" என்று வரும் லோடில் மரத்துண்டு, பிளாஸ்டிக், பெரிய கான்கிரீட் கட்டிகள் இருக்கலாம். கட்டிகளுக்கு இடையே உள்ள இடைவெளியில் பிற்பாடு மண் இறங்கும்.

எளிய சோதனை ஒன்று: கண்ணாடி பாட்டிலில் பாதி மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். மறுநாளும் தண்ணீர் கலங்கலாகவே இருந்தால் களி அதிகம் என்று அர்த்தம். சாம்பிளைப் பார்த்து ஓகே சொன்ன பிறகு வேறு மண் வருவதும் உண்டு. அதனால் நடுவில் வரும் லோடுகளையும் கவனிக்க வேண்டும்.

கொட்டினால் மட்டும் போதுமா?

இரண்டரை அடி மண்ணையும் ஒரே நாளில் கொட்டி, ஜேசிபி வைத்து மேலாகச் சமன் செய்துவிட்டுப் போவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அப்படிச் செய்தால் மேல் அரை அடி மட்டுமே இறுகும், கீழே உதிரியாகவே கிடக்கும்.

முதலில் புல், புதர், வேரை அகற்ற வேண்டும். பிறகு 6 முதல் 9 அங்குலம் வரை ஒரு அடுக்கு, அளவாகத் தண்ணீர், ரோலர் அல்லது கம்பேக்டர். அது இறுகிய பிறகே அடுத்த அடுக்கு. "ஒரு மழைக்காலம் அப்படியே விட்டுடுங்க" என்று பெரியவர்கள் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. இருந்தாலும் அது அடுக்கடுக்காக இடிப்பதற்கு மாற்றாகாது.

முக்கியமான விஷயம், வீட்டின் எடை இந்தப் புது மண்ணில் உட்காரக் கூடாது. நிரப்பிய மண்ணைத் தாண்டி, கீழே உள்ள கெட்டியான இயற்கை மண் வரை அஸ்திவாரக் குழி போக வேண்டும். "அஞ்சு அடி தோண்டிட்டோம்" என்றால், அதில் இரண்டரை அடி புது மண்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

சீட்டு இருக்கா?

கட்டுமானத்துக்கு நிரப்பும் சாதாரண மண்ணும் 2000-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி சிறு கனிமம்தான். அதை எடுக்க அனுமதியும், எடுத்துச் செல்ல நடைச்சீட்டும் தேவை. இல்லாமல் எடுத்தாலோ கொண்டு சென்றாலோ வாகனம் பறிமுதல் ஆகலாம். கனிமச் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் லோடு வரும், பில் கேட்காதீங்க என்று சொன்னால் உஷாராகிவிடுவது நல்லது. ஒவ்வொரு லோடின் நடைச்சீட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் எங்கே போகும்?

மனை உயர்ந்தால் அதில் நின்ற மழைநீர் காணாமல் போய்விடாது. பக்கத்து வீட்டுக்குப் போகும். அதனால் தெரு வடிகால் பக்கம் சரிவு கொடுப்பதும், மழைநீர் சேகரிப்புக் குழிக்கு இடம் விடுவதும் அவசியம். பழைய காம்பவுண்டு சுவரை ஒட்டி மண் நிரப்பும்போது இன்னும் கவனம் வேண்டும். சாதாரண சுவர் மண்ணின் அழுத்தத்தைத் தாங்கக் கட்டப்பட்டதல்ல. மழையில் மண் ஊறியதும் அது அடுத்த வீட்டுப் பக்கம் விழலாம். அந்தப் பக்கம் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கலாம். தேவைப்பட்டால் தாங்கு சுவர் கட்டிய பிறகே மண்.

எவ்வளவு உயர்த்துவது? சுற்றியுள்ள தரைமட்டத்தை விட வீட்டின் பேஸ்மட்டம் குறைந்தது 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. ரோடு மேலே மேலே போடப்பட்டு உயரும் பகுதி என்றால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

சுற்றிலும் மேடாக இருந்து தன் மனை மட்டும் பள்ளமாக இருந்தால், அது ஏன் பள்ளமானது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் அது வாய்க்காலாகவோ ஏரியின் ஓரமாகவோ இருந்திருக்கலாம். புல எண்ணை வைத்து 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்தால் பல நேரம் விவரம் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடமாக இருந்தால், எத்தனை லோடு அடித்தாலும் மழைநீர் தன் பழைய வழியைத் தேடி வரும். அந்த மனைக்கு முதல் செலவு வக்கீலுக்கும் இன்ஜினீயருக்கும்தான், லாரிக்கு அல்ல.